ஸ்டாம்ப் கிரீக்கில் கூடிய திருமண்டலப் பேரவை

ஸ்டாம்ப் கிரீக்,
அக்டோபர் 29

பிரியமுள்ள அக்கா ஆல்தியாவுக்கு,

உன் தம்பி வெண்டெல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இடது முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் நலம். அரிசோனா வெயிலில் நீயும் கெர்மிட் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நம் புனித பிரான் கோயிலில் பேரவை எப்படி நடந்தது என்று போனில் கேட்டாய். 'நடந்துச்சு' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

வருடாவருடம் பேரவை ஏரிக்கரை ஓட்டலில்தான் நடக்கும், உனக்குத் தெரியும். திருமண்டலத்தின் இருபத்திரண்டு சபைகளிலிருந்தும் குருமார்களும் பிரதிநிதிகளும் வந்து, பேராயர் தலைமையில் இரண்டு நாள் கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள். போன பிப்ரவரியில் ஓட்டலின் குழாய்கள் உறைந்து வெடித்து மூன்று மாடியும் நாசம். வேறு இடம் பார்க்க ஏப்ரலில் ஒரு கூட்டம் போட்டார்கள். நம் சபையின் பதினொரு பேரில் இன்னும் கார் ஓட்டக் கண் தெரிவது எனக்கு மட்டும்தான் என்பதால் நான் போனேன். வழியில் மூன்று கோப்பை காபி குடித்திருந்தேன், அது என் தப்பு. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்துச் செயலர் லைல் பெம்பர்டன், "சரி, இந்த வருஷம் பேரவைய யாரு ஏத்துக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் கைதட்டினார்கள். புதுப் பேராயர் ஹாலோவே அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னச் சபை, ஆனா மனசு பெருசு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு கழிப்பறை என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு நேராக வாசலுக்குப் போனேன்.

கோடையெல்லாம் பதினொரு பேரும் கூடத்தைக் கழுவினோம், ஜன்னலுக்கு வர்ணம் அடித்தோம், பெஞ்சுகளுக்கு ஆணி அடித்தோம். என் டோரீன் கண்ணை மூடிய பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக ஒரு கோடையைக் கழித்ததில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் நிகழ்ச்சி நிரல் தபாலில் வந்தது. ஏழாவது தீர்மானம், ஸ்டாம்ப் கிரீக் புனித பிரான் சபையை ஜனவரி முப்பத்தொன்றோடு மூடிவிடுவது. அதை எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல யாருக்கும் தோன்றவில்லையா என்று லைலுக்குப் போன் போட்டேன். "சொல்லியிருக்கோமே மிஸ்டர் டிரெவாரோ, நிகழ்ச்சி நிரல்ல இருக்கே" என்றார். பேச்சில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மியூரியல் பாஸ்கோ வீட்டுக்குப் போனேன். நம் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் அதே மியூரியல்தான். எண்பத்து நாலு வயதாகிறது, இன்னும் அதே ஊதா ஸ்வெட்டர். தாளை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இப்ப என்ன செய்யலாங்கிற?"

"வரவேண்டாம்னு சொல்லிடலாம் மியூரியலம்மா. நம்மள மூட வர்றவங்களுக்கு நாமளே நாற்காலி போடணுமா?"

"வரட்டும். என் சமையல்கட்டுக்கு வந்தவங்க பசியோட போனாங்கன்னு பேரு வேண்டாம். எத்தன பேரு?"

"எண்பத்தாறு."

"ஆளுக்கு ரெண்டு பேஸ்டி. மாவுக்குள்ள வச்சு மடிக்க மாட்டிறைச்சிக்கு நீ சொல்லி வை. டர்னிப் நல்லதாப் பாத்து வாங்கு, போன தடவ வாங்கினது செருப்பு மாதிரி இருந்துச்சு."

ஆக, எங்கள் அடக்கத்துக்கு நாங்களே மாவு பிசைந்தோம். பேரவைக்கு முந்தின நாள் காலையில் வாடகைக்குச் சொன்ன நடமாடும் கழிப்பறைகள் ஆறும் தெருக்கோடி லூத்தரன் கோயில் வாசலில் போய் இறங்கின. திருப்பி எடுக்க வண்டி திங்கட்கிழமைதான் வருமாம். லூத்தரன் போதகர் தங்கமான மனிதர், "அதுக்கென்ன, எல்லாரும் இங்க வந்து போகட்டும்" என்றார். வந்து போகத்தான் செய்தார்கள். இரண்டு நாளும் எங்கள் திருமண்டலத்துப் பெரியவர்கள் அங்கி மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக லூத்தரன் கோயிலுக்குப் போய் வந்ததை ஊரே ஜன்னலில் நின்று பார்த்தது. சரியாக முதல் நாள் துவக்கப் பாடலின் இரண்டாவது அடியில், கோயிலைச் சூடாக்கும் கொதிகலன் ஒரு சத்தம் போட்டது, அப்புறம் போடவில்லை. நான் கீழே இறங்கிப் போய் அதைத் தட்டினேன், உதைத்தேன், பலனில்லை. மேலே வந்தபோது பேராயரம்மா பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயிலிருந்து புகை வந்தது. இரண்டாம் நாள் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்ட ஆரம்பித்தது. முப்பத்தோரு வருடம் மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் நான், மேகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மதியத்துக்குப் பிறகு தூரத்து ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவோரம் நழுவிப் போனார்கள்.

இருந்தவர்களாவது வேகமாக முடித்தார்களா? நான்காவது தீர்மானம் காகிதக் கோப்பை பற்றியது. அதில் 'வேண்டும்' என்று போடுவதா, 'வேண்டப்படுகிறது' என்று போடுவதா என்று ஐம்பது நிமிடம் பேசினார்கள். திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது, அதை ஒருவர் வாபஸ் வாங்கினார், வாபஸ் வாங்கலாமா என்று ஓட்டெடுத்தார்கள். ஏழாவதுக்கு வந்தபோது மணி மூன்றரை. லைல் அதைப் படித்தார். "இதுக்கு யாராவது பேசணுமா? ஆளுக்கு ரெண்டு நிமிஷம்."

அக்கா, அந்தப் பேச்சை ஆறு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருந்தேன். நம் தாத்தா சுரங்கத்திலிருந்து வந்து அந்தச் சுவருக்குக் கல் சுமந்தது, உனக்கும் எனக்கும் ஞானஸ்நானம் ஆனது, டோரீன் பெட்டியை நானும் நாலு பேரும் அந்தப் படியில் இறக்கியது, எல்லாம் அதில் இருந்தது. எழுந்து மைக் முன்னால் போனேன். முன்வரிசையில் ஒரு பெண் குருவானவர் உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தார். மூக்கு நுனி சிவந்து, உதடு நீலமாக. அவரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. "கொதிகலனுக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தேன். அது 1958 மாடல் என்றேன். அதற்கு உதிரி பாகம் இப்போது கிடைப்பதில்லை என்றேன். போன குளிர்காலத்தில் நான்கு தடவை நின்றது, கூரையில் வேறு ஒழுகுகிறது, அடுத்த தடவை வரும்போது கட்டாயம் சரிசெய்து வைக்கிறோம் என்றேன். "நேரம் முடிஞ்சது மிஸ்டர் டிரெவாரோ" என்றார் லைல். இரண்டு நிமிடமும் நானே நம் சபைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வேறு யாரும் பேசவில்லை.

ஓட்டு அட்டைகளைத் தூக்கச் சொன்னார்கள். பேராயரம்மா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். லைல் ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினார். மூட ஐம்பத்தொன்று, கூடாது என்று இருபத்தொன்பது. நான் முன்பெஞ்சில் இருந்தேன், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் அந்த இருபத்தொன்பது என் மனதில் நின்றுவிட்டது. கொதிகலன் கதையைக் கேட்ட பிறகும் முகம் தெரியாத இருபத்தொன்பது பேர் எங்களுக்காகக் கை தூக்கியிருக்கிறார்கள். ஐந்து நாளாக எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசிப் பாடலுக்கு, பின்பக்க மாடத்தில் மியூரியலம்மா ஆர்கன் வாசித்தார், கையுறையோடு, அதனால் ஒரு கட்டைக்கு இரண்டு கட்டையாக அமுங்கியது. பேஸ்டி ஒன்றுகூட மிச்சமில்லை. பேராயரம்மா என்னைக் கட்டிக்கொண்டு விடைபெற்றுப் போனார்.

நான் யோசித்து முடிவெடுத்துவிட்டேன் அக்கா. இனி எனக்கு இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை இல்லை. பிப்ரவரியில் வீட்டை விற்பனைக்குப் போட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடுகிறேன். பின்பக்க அறையில் அத்தானின் மீன்பிடி சாமான்களை ஒதுக்கி ஒரு கட்டில் போட்டுவை. சபைப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று பேராயரம்மாவுக்கு எழுதிய கடிதமும் மேஜையில் இருக்கிறது, இதோடு சேர்த்துத்தான் தபாலில் போடப்போகிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். உனக்கு மூட்டு வலி குறையட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
வெண்டெல் டிரெவாரோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுப் பிரித்தேன். கட்டில் போடவேண்டாம். இப்போதுதான் பேராயரம்மா போன் செய்தார். ஏழாவது தீர்மானத்தின் ஓட்டு செல்லாதாம். அடுத்த வருடப் பேரவையில் முதலிலிருந்து எடுக்க வேண்டுமாம். காரணம் சொல்லத் தயங்கினார், அப்புறம் சொன்னார். நேராக மியூரியலம்மா வீட்டுக்குப் போனேன். பனிக்குப் பயந்து கிளம்பியவர்கள் பெஞ்சில் போட்டுவிட்டுப் போன ஓட்டு அட்டைகளை, இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று பொறுக்கி வைத்தாராம். கூடாது என்பவர்கள் தூக்குங்கள் என்றதும், கையில் இருந்ததைத் தூக்கினாராம். அவர் பிரதிநிதியே இல்லை அக்கா, அப்படி ஒரு அட்டை கலந்தாலும் மொத்த ஓட்டும் செல்லாது என்பது விதியாம். "மனசு உறுத்திச்சு, போன் போட்டுப் பேராயர்கிட்ட பாவ அறிக்கை பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிட்டாங்க, ஓட்டத்தான் மன்னிக்க முடியாதாம்" என்றார். மொத்தம் எத்தனை அட்டை என்று கேட்டேன். மாவு சலித்துக்கொண்டே, "எண்ணல, ரெண்டு கை நிறைய" என்றார்.