அடுத்த துறைமுகத்தில் அவளை இறக்கிவிடு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்கத்தான் வேண்டும், இரண்டு வீட்டில் ஒரு வீடாவது உருப்படியாக இருக்கட்டும். என் சௌக்கியத்தைக் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் திரையில் என் பெயரைப் பார்த்ததும் நீ போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைக் கவிழ்த்து வைத்தால் பின்பக்கமும் எழுதியிருப்பேன்.

விஷயம் இதுதான். உன் மருமகளை, அதாவது என் பெண்ணை, அடுத்த துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பி வை. அந்தக் கப்பல் கம்பெனி ஆபீசில் நீதானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய்? "கப்பல்லயே காலேஜ்ம்மா, நாடு நாடா போய்க்கிட்டே ஒரு செமஸ்டர் படிக்கலாம், யாருக்குக் கிடைக்கும்?" என்று அவள் காதில் ஓதினதும் நீதான். நீ ஏற்றிவிட்டாய், நீயே இறக்கிவிடு.

புறப்பட்ட அன்று நடந்ததை உனக்கு யாராவது அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள், முழுசாக நான் சொல்கிறேன். பெற்றவர்கள் கொஞ்ச நேரம் உள்ளே வந்து அறையைப் பார்க்கலாம் என்றார்கள், சரியென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன், அறையா அது, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லிஃப்ட் அதைவிட அகலம், அதில் மேலே ஒரு கட்டில், கீழே ஒரு கட்டில், ஜன்னல் என்று சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டக் கண்ணாடி, அதையும் திறக்க முடியாமல் முடுக்கி வைத்திருக்கிறான். இவளுக்கு நீச்சல் தெரியாதே என்று அங்கே நின்ற அதிகாரியிடம் கவலைப்பட்டால், "தெரிஞ்சாலும் நடுக்கடல்ல எங்க சார் நீந்திப் போவாங்க?" என்று ஆறுதல் சொல்கிறார். அந்த ஆறுதலோடு திரும்பி வரும்போதுதான் லிஃப்ட் சத்தம் கேட்டது. கடகடவென்று, பெட்டி ஒரு பக்கமாக உரசுகிற சத்தம். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் கை சும்மா இருக்குமா? இதில்தானே என் பெண் தினமும் ஏறி இறங்க வேண்டும்? சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன், பக்கத்துச் சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்தேன், ஒரே ஒரு திருகுதான் திருகினேன். சத்தம் நின்றுவிட்டது. லிஃப்ட்டும் நின்றுவிட்டது. உள்ளே காலேஜ் முதல்வர் அம்மா.

அந்த அம்மா வரவேற்புரை ஆற்றப் போய்க்கொண்டிருந்தாராம். அரங்கத்தில் பிள்ளைகள் காத்திருக்க, இரண்டு தளத்துக்கு நடுவே தொங்கிக்கொண்டு, உள்ளேயிருந்த அவசரப் போன் வழியாகவே ஒலிபெருக்கியில் பேசி முடித்துவிட்டார். கெட்டிக்கார அம்மா, ஒரு வரி விடவில்லை. "இனி உங்களை யாராலும் தடுத்து நிறுத்த முடியாது" என்ற இடத்தில் மொத்தக் கப்பலும் கைதட்டியது. அப்புறம் வந்த கப்பல் இன்ஜினியர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "கப்பல் ஆடும் சார், ஆடினா லிஃப்ட் உரசும், உரசறதுக்குத்தான் உருளை வச்சிருக்கோம். இது உங்க கட்டடம் இல்ல" என்றார். எந்த மாணவியின் அப்பா என்று ஒலிபெருக்கியிலேயே விசாரித்தார்கள். கப்பல் கிளம்பத் தாமதம்.

பெண் வந்தாள். திட்டினால்கூடத் தேவலை. "அப்பா, இறங்குங்க. தயவுசெஞ்சு இறங்குங்கப்பா" என்று மட்டும் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரையே பார்த்துச் சொன்னாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் அன்றைக்கே அவளுக்கு 'லிஃப்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். செமஸ்டர் பூராவும் அந்தப் பேரோட அலையணும்.

சரி, போகும்போதாவது கையைக் காட்டுவாள் என்று கரையில் நின்றேன். மேல்தளத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், எது யாரென்று என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஓர் ஓரத்தில் வெள்ளைத் தொப்பியோடு ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்து விடாமல் கையாட்டினாள். கோபம் ஆறிவிட்டது பாரு என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "தலைய நல்லா துவட்டும்மா, வெறும் வயித்துல காபி குடிக்காத" என்று கத்தினேன், அழுதேன், கப்பல் திரும்புகிறவரை கையாட்டினேன். பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பா மெதுவாகச் சொன்னார், "சார், அது சமையல்காரர்." நல்ல மனுஷன் அந்தச் சமையல்காரர், கடைசிவரைக்கும் கையை இறக்கவே இல்லை. என் பெண் அந்தப் பக்கமே வரவில்லை.

அன்றிலிருந்து போன் போட்டால் எடுப்பதில்லை. 'ஓகே' என்று ஒரு வார்த்தை வருகிறது, நான் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். கப்பல் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி காட்டுகிறதே, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையவில்லை. முழுகிப்போச்சு என்று பதறி உன் கம்பெனிக்குப் போன் போட்டால், "பக்கத்தைப் புதுப்பிக்கணும் சார்" என்றது ஒரு பெண் குரல். புதுப்பித்தேன், புள்ளி ஒரே தாவாகப் பாதிக் கடலைத் தாண்டிவிட்டது, இவ்வளவு வேகமா ஓட்டுவாங்க என்று மறுபடி போன் போட்டேன். அந்தக் கம்பெனிப் பெண்ணும் இப்போது உன்னைப் போலவே போனைக் கவிழ்த்து வைக்கப் பழகிவிட்டாள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உன் அக்கா கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது இவள் ஒருத்திதான். கதவை அறைவாள், பாத்திரத்தை உருட்டுவாள், குளிக்கிற அறையில் பாடுவாள், சகிக்காது. இப்போது ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு, மறுநாளும் அதையே தின்கிறேன். வேலைக்குப் போனால் லிஃப்ட்டுக்குள் ஏறினவர்கள் என்னிடம் நாலு வார்த்தை பேசுகிறார்கள், அதற்காகவே கெட்டுப்போகாத லிஃப்ட்டையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவ படிப்பு, அவ பாதுகாப்புன்னு நான் என்ன காரணம் சொன்னாலும் நம்பாதே மச்சான். அவ இல்லாம எனக்கு இருக்கத் தெரியல, அவ்வளவுதான். அதுவும் முகம் கொடுத்துப் பேசாமல் போய்விட்டாள். அதுதான் உள்ளே அறுக்கிறது.

ஆகவே அத்தானுக்கு நெஞ்சுவலி என்று சொல், ஆபத்து என்று சொல், எதைச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்கிறேன். படிப்பு பாதியில் போனால் போகட்டும். கேப்டனிடம் இன்றைக்கே பேசு.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக வளரட்டும், உன் வீட்டில் யாரும் கப்பல் ஏறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவளே கூப்பிட்டாள். அழுகை. "அப்பா, என்னால முடியல. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி வருது. எல்லாரும் சிரிக்கறாங்க. மாமாகிட்ட சொல்லி என்னைக் கூட்டிக்குங்கப்பா" என்றாள். எனக்கு வேண்டியதும் இதுதானே? சரி கண்ணு, வந்துடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எதுக்கு வரே? நான் இங்க ஜாலியா இருக்கேன், வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?" என்று வந்தது. எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. அந்தப் பக்கம் அழுகை நின்றது. "நான் இல்லாம அவ்வளவு நல்லா இருக்கா?" என்றாள். "ரொம்ப" என்றேன். "இருங்க, நல்லா இருங்க. நான் செமஸ்டர் முடிச்சுட்டுதான் வருவேன்" என்று வைத்துவிட்டாள். கடிதத்தை உறையிலிருந்து வெளியே எடுத்து இதை எழுதுகிறேன்.

அதனால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. கேப்டனிடம் மூச்சு விடாதே. புதிதாக இன்னொரு கடிதம் எழுதத் தெம்பில்லை, இதையே அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துப் போடு. அவள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், உங்கப்பா கொண்டாட்டமா இருக்காரு, முன்னைக்கு ஒரு சுற்றுப் பெருத்துட்டாருன்னு சொல்லு. கோபம் வந்தால் அவள் வயிறு நிறையச் சாப்பிடுவாள், உன் அக்கா மாதிரியே. திரும்பி வருகிறவரைக்கும் அந்தக் கோபம் ஆறாமல் பார்த்துக்கொள்.