முந்தி மட்டும் காட்டிய சர்க்கரை

உயிரே போனாலும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வதில்லை என்று 2007 ஆடி மாதம் நான் சபதம் எடுத்தேன். அன்றுதான் டாக்டர் பரிமளா எனக்குக் கெடு வைத்தார். "மாத்திரையோட இன்னும் மூணு மாசம் பாக்கலாம் தணிகாசலம். அப்பவும் கொறையலன்னா தினம் ஊசிதான்."

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறவன் நான். நாலு தறி, ஒரு வாய். நாலு தறியும் சேர்ந்தாலும் அந்த ஒரு வாய்க்கு ஈடாகாது. என் மனைவி பெயர் உண்ணாமலை. கட்டியவனை உண்ணாமல் வைப்பதற்கென்றே அவள் வீட்டில் யோசித்து வைத்த பெயர் என்பது என் கருத்து. விஷயம் காதில் விழுந்த அன்றே கடைக்குப் போய் ரத்தம் பார்க்கிற மெஷினும், எழுதிவைக்க ஒரு நோட்டும் வாங்கி வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா எப்பப்ப பாக்கச் சொன்னாங்க?"

"காலையில, வெறும் வயித்துல."

"சாப்ட்டப்புறம்?"

"சாப்ட்டா ஏறத்தான் செய்யும். அத வேற பாத்துகினு எதுக்கு பேஜாரு?"

டாக்டர் இரண்டு வேளையும் பார்க்கச் சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொல்லுமளவுக்கு நான் வெகுளி இல்லை.

புடவை வியாபாரத்தில் நான் கற்ற வித்தை ஒன்றுதான். வருகிறவரிடம் முதலில் முந்தியை விரிக்க வேண்டும். ஜரிகை கண்ணில் பட்டுவிட்டால் போதும், உள்ளே எங்கே இழை அறுந்திருக்கிறது என்று பாதிப் பேர் பிரித்துப் பார்ப்பதில்லை. என் உடம்பையும் அப்படியே நடத்தினேன். ராத்திரி ஒரே ஒரு கோதுமை தோசை. விடிந்ததும் கோட்டை மைதானத்தில் நாலு சுற்று. மெஷினில் பார்த்தால் 104. அது முந்தி. மிச்ச நாள் முழுக்க என்னுடையது.

பதினோரு மணிக்கு, பெரணமல்லூர் தறிக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மொபெட்டை எடுப்பேன். அது பஸ் ஸ்டாண்டு பக்கம் மாணிக்கவேலின் ஸ்வீட் கடையைத் தாண்டி ஒரு அடி நகராது. மூன்று பாதுஷா. வாய் திகட்டாமல் இருக்கக் கொஞ்சம் காராபூந்தி. காரம் அடங்க இன்னொரு பாதுஷா. அப்புறம் வீட்டுக்கு வந்து இரண்டு சப்பாத்தியை சாமியார் மாதிரி தின்றுவிட்டு, தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டபடி நாலு மணிவரை தூங்குவேன்.

சபதத்துக்கு இரண்டாவது பாதுகாப்பும் வைத்திருந்தேன். ஊசி என்றால் தணிகாசலம் செத்தே போவான் என்று ஊர் நம்ப வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் பக்கத்து வீட்டு ஜெயவேலைக் கூப்பிடுவேன்.

"தோள இறுக்கிப் புடிப்பா."

"இன்னும் குத்தவே இல்லியேண்ணே."

"நெனச்சாலே கண்ணு இருட்டுதுப்பா."

உண்ணாமலை விரலில் குத்துவாள். நான் போடுகிற கூச்சலில் எதிர் வீட்டுத் தறி நின்றுவிடும். கண்ணைச் சொருகிக்கொண்டு ஜெயவேல் மடியில் சாய்வேன். அவன் விசிறியால் வீசுவான். பத்தே நாளில் தெருவே என்னைப் பார்த்து உச்சுக் கொட்ட ஆரம்பித்தது.

"ஒரு சொட்டு ரத்தத்துக்கு இன்னாங்க இப்டி அலறிகினு."

"இதுக்கே இப்டின்னா, தினம் ஊசி போட்டா நான் போய்ச் சேர வேண்டியதுதான். டாக்டரம்மா கிட்ட நீதான் எடுத்துச் சொல்லணும்."

"சொல்றேங்க. எல்லாத்தையும் சொல்றேன்."

பாவம், நல்லவள் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் மாணிக்கவேல் கடைப் பக்கமே போகவில்லை. மூன்று மாதச் சர்க்கரைக்கு மூன்று நாள் பத்தியம் தாராளம் என்று எனக்குத் தோன்றியது. ரிசல்ட்டோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் நோட்டைப் பார்த்தார். ரிசல்ட்டைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"நோட்டுல காலக் கணக்கு மட்டுந்தான் இருக்கு, ஒரு நாள்கூட 110 தாண்டல. ஏழுக்குள்ள இருக்க வேண்டிய மூணு மாச டெஸ்ட்டு ஒன்பது புள்ளி ஆறு சொல்லுது. ரெண்டும் ஒரே ஆளா?"

"ரத்தம் மாறிப் போயிருக்கும் டாக்டர்."

"ரெண்டு தடவ சரிபாத்தாச்சு. காலையில மெஷின் காட்டறது அந்த நிமிஷத்துச் சக்கர. இது மூணு மாசமா ராவும் பகலும் ரத்தத்துல ஒட்டின சக்கர. கடைசி மூணு நாள்ல அழிக்க முடியாது. ரத்த சோகை இருந்தா சில பேருக்குத் தப்பா காட்டும்."

"அதான் டாக்டர். இவதான் தினம் என் ரத்தத்த எடுத்துகினே இருக்காளே."

"ஒங்களுக்கு ஹீமோகுளோபின் பதினஞ்சு."

உண்ணாமலை கூடையில் கை விட்டு இன்னொரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"முந்திய மட்டும் பாத்தா எப்டிங்க டாக்டர். பொடவைய முழுசா பிரிச்சுப் பாக்க வாணாமா? இது மத்தியான நோட்டு."

எட்டிப் பார்த்தேன். 286. 301. 274. ஆடிக் கிருத்திகை அன்று 338. எல்லாம் அவளுடைய குண்டுக் கையெழுத்து.

"மத்தியானம் நான் ரத்தமே குடுக்கலியேடி."

"நீங்க எங்க குடுத்தீங்க. தூங்கிகினு இருந்தீங்க. சாப்ட்டப்புறமும் பாக்கணும்னு மெஷின் வித்த கடையிலயே சொன்னாங்க."

"அப்பவே எங்கிட்ட சொல்றதுதானே?"

"சொல்லியிருந்தா மெஷினு தப்புன்னுவீங்க. தூங்கறதயும் நிறுத்திடுவீங்க."

டாக்டர் சீட்டை இழுத்து இன்சுலின் என்று எழுத ஆரம்பித்தார். இனி என் கையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கண்ணைச் சொருகினேன். நாற்காலியில் சரிந்தேன். "ஊசியா டாக்டர்... எங்க தெருவுல யார வேணா கேளுங்க..." என்று முனகினேன். மூன்று மாத ஒத்திகை வீண்போகவில்லை. டாக்டர் பயந்துபோய் எழுதுவதை நிறுத்தினார்.

"ஏம்மா, இவ்ளோ பயப்படறாரு. தினம் குத்தினா தாங்குவாரா?"

"எழுபத்தோரு மத்தியானம் குத்திட்டேன் டாக்டர். ஒரு நாள்கூட கொறட்ட நிக்கல."