சரிசெய்தவர் பார்ப்பதா, சரிபார்ப்பவர் பார்ப்பதா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டின் சௌக்கியம்தான் சோதனையில் இருக்கிறது.

நான் புரோகிராம் எழுதுகிறவன், என் மனைவி அதில் குறை கண்டுபிடிக்கிறவள், ஒரே ஆபீசில் எதிரெதிர் மேசை என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். பல் டாக்டர் ஒருவருக்கு நாங்கள் செய்து கொடுத்த முன்பதிவு மென்பொருளில் நீளமான பெயர்களின் வால் வெட்டுப்படுகிறது என்று போன வாரம் எழுதிக் கொடுத்தாள். நானும் கையோடு சரிசெய்து, 'முடிந்தது' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன், பார்ப்பது அவள் வேலையாயிற்றே என்று. அவளோ நான் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று நம்பி, பெயரை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டாள். பெயர்கள் முழுசாகத்தான் வந்தன. நான் கை வைத்ததில் நேரம்தான் எல்லாருக்கும் காலை பத்து மணி என்று ஆகிவிட்டது. பதினொரு பேர் வீங்கிய கன்னத்தோடு ஒரே நாற்காலிக்கு வந்து நின்றார்களாம். டாக்டர் போனில் பேசியதை எழுதினால் காகிதம் தாங்காது.

"சரிபண்ணினவரு ஒரு தடவை பாத்திருக்க வேண்டாமா?" என்றாள். "எல்லாத்தையும் நானே பாத்துட்டா அப்புறம் நீ எதுக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டிருக்கக் கூடாது அக்கா. நாலு நாளாகப் பேச்சில்லை. நான் கழுவி வைத்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொட்டியிலேயே போடுகிறாள்.

யார் எதைச் சோதிப்பது என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக்குள் தர வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரை வேறு மாடிக்கு மாற்றிவிடுவேன் என்கிறார் மேனேஜர். நிமிர்ந்தால் அவள் முகம் தெரியாத இடத்தில் எனக்கு வேலை ஓடாது. நீ சொன்னால் கேட்பாள். சரிசெய்வது நான், பார்ப்பது அவள் என்று பக்குவமாக எடுத்துச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

உன் தம்பி

பி.கு.: எழுதிய அசதியில் இந்தக் கடிதத்தைத் திரும்பப் படிக்காமல், பிழை பார்க்க வழக்கம்போல் அவள் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டேன். முழுதும் படித்தாள். மாடி மாற்றுகிற இடத்தை இரண்டு தடவை படித்தாள். "நீங்க ஒரு தடவை படிச்சிருந்தா இத எங்கிட்ட குடுத்திருப்பீங்களா?" என்றாள். மாட்டேன் என்றேன். "அப்ப இந்த ஒரு தடவை மட்டும் பாக்காததே நல்லது" என்று சிரித்துவிட்டாள். சரிசெய்ததையும் அதன் அக்கம்பக்கத்தையும் முதலில் நான் பார்ப்பது, பிறகு அவள் பார்ப்பது என்று எழுதியாயிற்று. என்னைச் சத்தமாகப் படிக்க வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட விட்டாள். ஆகவே நீ அவளிடம் எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.