மாப்பிள்ளையின் கப்பல் பதினைந்து மீட்டர் இறங்கிவிட்டது

அன்பும் மரியாதையும் கலந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கத்தான் பேனா ஓடவில்லை.

கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்தது நீங்கள்தான். அன்றிலிருந்து பல் தேய்க்கும் முன்பே அதைத் திறந்துவிடுகிறேன். நீளம் நானூறு மீட்டர் என்று போட்டிருந்தது. மருந்துக்கடையில் ஆரம்பித்து நம் தெருவை நடந்தே அளந்தேன். தெரு முடிந்துவிட்டது, கப்பல் முடியவில்லை. அதற்கு ஆட்கள் இருபத்துச் சொச்சம் பேர்தானாம்! நான் வேலை பார்க்கும் தண்ணீர்த் தொட்டி பம்ப் ஹவுசில் ஒரு வால்வைத் திருகவே மூன்று பேர் நிற்போம். சரி, அது போகட்டும். 'டிராஃப்ட்' என்று ஒரு வரி, அதில் போன வாரம் பதினொரு மீட்டர் இருந்தது. பக்கத்து வீட்டு டியூஷன் வாத்தியாரைக் கேட்டேன். "கப்பல் தண்ணிக்குள்ள எவ்வளவு இறங்கியிருக்குன்னு அர்த்தம் சார்" என்றார். இன்று காலை பார்க்கிறேன், பதினைந்து! நீங்களோ அடியில், இன்ஜின் அறையில்! உங்களுக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. கம்பெனிக்குப் போட்டேன். "பதினாறு வரைக்கும் போகலாம் சார், ஒண்ணும் ஆகாது. அடுத்த துறைமுகத்துல இன்னும் கொஞ்சம் சரக்குப் பெட்டி ஏத்துவோம்" என்கிறார் அந்த ஆபீஸ்காரர், டீயை உறிஞ்சிக்கொண்டே! முங்குகிற கப்பலில் பெட்டி ஏற்றுகிறார்களாம், அநியாயமாக இல்லை?

நிறைமாதக்காரி மகளிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் போனைப் பார்க்கக் கூடாது என்று சார்ஜரை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்துவைத்தேன். அவள் துணியோடு அதையும் துவைத்துவிட்டாள். "ஏம்ப்பா இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள். வெயில் என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே மாப்பிள்ளை, உடனே கேப்டனிடம் சொல்லி எல்லா பம்பையும் ஓட்டச் சொல்லுங்கள். பம்ப் இழுக்காவிட்டால் அதன் வாயில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமிருக்காது. அவர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் உச்சிப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். வேலை போனால் போகிறது, வீடு வந்து சேருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. கடிதத்தைக் கம்பெனியே கப்பலுக்கு அனுப்பிவைக்குமாம். அதுவரை கப்பல் தாங்க வேண்டும்.

தீர்க்காயுசாக இருங்கள் என்று வேறு யாருக்கும் நான் இவ்வளவு அழுத்தி எழுதியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் பிடுங்கிப் படித்துவிட்டாள். "பெட்டி ஏத்துனா கப்பல் இறங்கத்தானேப்பா செய்யும்? கூட்டம் ஏறினா பஸ்ஸு தாழல?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். ஆகையால் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். வீடு வந்து சேருங்கள் என்பதை மட்டும் அடிக்க வேண்டாம்.