சோரிம் யாங் குலத்தின் மானம்

படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே இன்சொக்குக்கு வியர்த்துவிட்டது.

திரையில் அரசர் மூன்று நாள் மலச்சிக்கலில் புரண்டுகொண்டிருந்தார். அரண்மனை மொத்தமும் அவர் வயிற்றைச் சுற்றி மண்டியிட்டிருந்தது. அப்போது குண்டு மந்திரி ஒருவர் தவழ்ந்து வந்து, தரையில் நெற்றியை முட்டினார்.

"அடியேன் யாங் குக்தே, மன்னா!"

இன்சொக்கின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் யாங் மன்சிக். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், யாங் குலச் சங்கத்தின் செயலாளர். எல்லாவற்றுக்கும் மேலாக, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நாரேயின் அப்பா.

பெண் கேட்டு நான்கு முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறான். நான்கு முறையும் கால் மரத்துப்போகும்வரை மண்டியிட்டு உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினான். ஒவ்வொரு முறையும் அவர் மகளிடம் சொன்னது ஒன்றுதான்: "பையன் நல்லவன். ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்னவென்று நாரேக்கே தெரியாது.

ஐந்தாம் முறைக்குத்தான் இந்தச் சினிமா. பெரியவருக்குச் சரித்திரம் என்றால் உயிர். 'அரசருக்குப் பூத்ததா?' என்ற தலைப்பையும், சுவரொட்டியில் இருந்த சிம்மாசனத்தையும் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு முன்பே மூன்று டிக்கெட் எடுத்துச் சொல்லியும் அனுப்பிவிட்டான். சரித்திரப் படத்துக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவன் முதலில் அதில் கோமாளியாக வருபவர் எந்தக் குலம் என்று விசாரிக்க வேண்டும். ஜோன்ஜு நகரில் இது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போன வருஷம்தான் வேறொரு குலத்தார், தங்கள் பாட்டனாரைக் கஞ்சனாகக் காட்டிய தொலைக்காட்சித் தொடரைக் கண்டித்து வரிசையாக மொட்டை அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தார்கள்.

இன்சொக் பெரியவர் பக்கம் குனிந்தான். "ஐயா, யாங்னா எத்தனையோ யாங் இருக்காங்க. இவர் வேற ஊர் யாங்கா இருப்பாரு."

திரையில் மந்திரி நிமிர்ந்தார். "சோரிம் யாங் குலத்தின் பதினோராம் தலைமுறை, மன்னா!"

"நான் இருபத்தி மூணு," என்றார் பெரியவர். வெண்ணெயில் வறுத்த கணவாய் மீனை வேகவேகமாக மெல்ல ஆரம்பித்தார்.

நாரே கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"சிரிக்காத! உங்க முன்னோர்!" என்று பல்லைக் கடித்தான் இன்சொக்.

"முன்னோர்னா என்ன, பாரு அந்த மீசைய! நீ ஏன் எங்கப்பா பக்கத்துல வந்தா மட்டும் மரக்கட்டை ஆயிடற?"

இதற்குள் திரையில் நான்காம் நாள் அரசருக்கு வயிறு இளகிவிட்டது. அரண்மனையில் அரசரின் மலத்துக்குப் பெயர் 'பூ'. பூவைச் சுவைத்துப் பார்த்து உடல்நிலை சொல்வது வைத்தியர் வேலை. வைத்தியரோ முந்தின காட்சியில்தான் விஷம் குடித்துச் செத்திருந்தார். மந்திரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாங் குக்தேயின் கண்கள் பளபளத்தன.

அடுத்து என்ன வரப்போகிறது என்று இன்சொக்குக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, கழிவறைக்குப் போலாமா?"

"எனக்கு வரலை."

"வரும்யா. இந்த வயசுல சொல்லிட்டு வராது."

பெரியவர் முறைத்தார். ஆனால் இன்சொக் அதற்குள் அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டான். வாசலில் கணவாய் விற்கும் அம்மாள் அவர்களைப் பார்த்து என்னவோ கேட்க வாயெடுத்தாள். பெரியவர் பலமாக இருமினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கழிவறையில் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டே நிமிடம். "வா வா வா," என்று அவனை இழுத்துக்கொண்டு திரும்பினார். கோபத்தில் நடை அப்படி வேகமாக இருக்கிறது என்று இன்சொக் நினைத்தான்.

கதவைத் திறந்ததும் திரை முழுக்க ஒரு வெள்ளிக் கரண்டி. கரண்டியின் முனையில் யாங் குக்தே.

"ஆகா!" என்று கண்ணை மூடிக்கொண்டார் மந்திரி. "மன்னா, போன வருடப் பூவைவிட இது மணம்!"

கொட்டகை வெடித்தது. முன்வரிசைக்காரர் தொடையில் அறைந்துகொண்டார். நாரே இருக்கையிலிருந்து பாதி சரிந்துவிட்டாள். இன்சொக்குக்கும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. கன்னத்தை உள்பக்கமாகக் கடித்தான். தொடையைக் கிள்ளினான். செத்துப்போன தன் நாய்க்குட்டியை நினைத்துக்கொண்டான்.

ஓரக்கண்ணால் பார்த்தால், பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தக்காளிச் சிவப்பு. வாயில் கைக்குட்டை. கண்ணில் நீர். தோள் குலுங்கியது.

அழுகிறார்! இருபத்து மூன்று தலைமுறை மானம் கண்ணீராக ஓடுகிறது!

திரையில் மந்திரி, "இன்னொரு கரண்டி கிடைக்குமா?" என்றார்.

இன்சொக் துள்ளி எழுந்தான். "நிறுத்துங்க படத்தை! சோரிம் யாங் குலத்தை இப்படிக் கேவலப்படுத்தலாமா? பெரிய மனுசங்க உக்காந்திருக்காங்க!"

"எவன்டா அது?"

"யோவ், உக்காருய்யா! நீ வேணா போய் ருசி பாரு!"

பின்னாலிருந்து சோளப்பொரி மழையாகப் பெய்தது. ஊழியர் ஒருவர் டார்ச்சுடன் ஓடி வந்தார். நாரே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரியவர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார். "தம்பி, உக்காரு. தலை மறைக்குது."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் இன்சொக் சிலையாக இருந்தான். கடைசிக் காட்சியில் பதவி உயர்வு பெற்ற யாங் குக்தே வயிற்றுப்போக்கில் இறந்து, அரசாங்க மரியாதையோடு போனபோதும் அவன் உதடு அசையவில்லை. பெரியவரின் பெருமூச்சு மட்டும் இரண்டு முறை கேட்டது.

விளக்கு எரிந்தது. வாசல் கூடத்தில் இன்சொக் இடுப்பு வரை வளைந்து வணங்கினான். தலைமுடியிலிருந்து சோளப்பொரி உதிர்ந்தது.

"மன்னிச்சிடுங்க ஐயா. தெரியாம கூட்டிட்டு வந்துட்டேன். நாளைக்கே கண்டனக் கடிதம் எழுதறேன். சங்கத்து ஆளுங்களோட நானும் மொட்டை போட்டு உக்கார்றேன்."

"நீ மொட்டை போடுவியா?"

"போடுவேன் ஐயா!"

"படம் முழுக்க உனக்கு ஒரு இடத்துலகூட..." என்று தொடங்கிய பெரியவர் நிறுத்திவிட்டார். அவர் முகம் வாடியிருந்தது. மகளைப் பார்த்தார். "நாரே, பையன் ரொம்ப நல்லவன்மா. ஆனா..."

நாரேயின் கண்கள் நிறைந்துவிட்டன. "அந்த ஆனாவுக்கு அப்புறம் என்னப்பா? இன்னிக்காவது சொல்லுங்களேன்!"

பெரியவர் வெளிக்கதவை நோக்கி நடந்தார். இன்சொக் குனிந்த தலையோடு பின்னால் போனான். கணவாய் விற்கும் அம்மாள் இதற்கு மேல் பொறுக்க முடியாமல் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்:

"சார், இந்தத் தம்பிதானா அது? வாரம் பூரா தினம் வந்து, உருண்டு உருண்டு சிரிச்சிட்டு, 'என் முன்னால இந்தக் கரண்டிக் காட்சிக்கு வாய்விட்டுச் சிரிக்கிறவனுக்குத்தான் பொண்ணு'ன்னு சொல்லிட்டுப் போவீங்களே... சிரிச்சாரா, இல்ல நாலு மணி ஆட்டத்துக்கு இன்னொரு தரம் மூணு டிக்கெட் போடச் சொல்லவா?"