தொடையில் கட்டிய ஒட்டியாணம்

என் இரண்டு கால்களும் ஒரே அளவுதான். தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊரில் பலர் இதை இன்றும் நம்புவதில்லை. தப்பு என்னுடையதுதான்.

எழுபத்தெட்டில் அவளுக்கு ஆரப்பாளையத்தில் கல்யாணம். வீட்டார் முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மெருகுக்குக் கொடுத்திருந்த நகைகளை அலங்காநல்லூர் ஆசாரியிடம் காலையில் வாங்கி வருவது என் பொறுப்பு.

"மஞ்சப்பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு வா" என்றிருந்தார் அப்பா.

பி.யூ.சி. வரை படித்தவனுக்கு அது பட்டிக்காட்டு யோசனையாகப் பட்டது. (பாஸ் இல்லை, 'வரை'தான்.) துண்டைக் கிழித்து, காசுமாலையையும் வளையல்களையும் இடது தொடையில் கட்டினேன். வலது தொடையில் வெள்ளி ஒட்டியாணமும் கொலுசுகளும். மேலே வேட்டி. எந்தத் திருடன் கண்டுபிடிப்பான்?

பஸ் குலுங்கக் குலுங்க ஒட்டியாணம் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. ஆரப்பாளையத்தில் இறங்கியபோது வலது கால் மடங்கவில்லை. அதைக் கம்பு மாதிரி நீட்டி, இடது காலை அரைவட்டமாகச் சுழற்றி நடந்தேன்.

அத்தர் கடை பாய் ஓடிவந்து கையைப் பிடித்தார். "தம்பி, குடல் எறக்கமா? ரிக்‌ஷா கூப்பிடவா?"

நகை விஷயம் வெளியே தெரியக்கூடாதே! "பொறந்ததுலருந்தே இப்படித்தான் பாய்" என்று சத்தமாகச் சொன்னேன்.

கடையில் பன்னீர் வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா.

நான் ஊர்ந்து மண்டபம் சேருவதற்குள் அவர் அப்பாவை மடக்கியிருந்தார். "மறச்சுட்டீங்களே சம்பந்தி. அண்ணனுக்குப் பொறவிக் கோளாறுன்னா, நாளைக்குப் பொறக்குற பிள்ளைகளுக்கு?"

முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம். அப்பா என்னிடம் ஓடிவந்தார். "காலுக்கு என்னடா?" என்றார். காதில் சொன்னேன். சாமான் அறைக்கு இழுத்துப்போய் அவிழ்த்து, விஷயத்தோடு நகைகளை மணப்பெண் அறைக்கு அனுப்பிவிட்டு, என்னைச் சபை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நடந்து காட்டுடா!"

மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். (பெண் பார்க்கும் படலத்தில்கூட தங்கையை யாரும் இப்படிப் பார்க்கவில்லை.) இரண்டு மணி நேரம் இறுக்கிக் கட்டியதில் கால்கள் மரத்துப்போயிருந்தன. அதே கம்பு, அதே அரைவட்டம். ஐந்தாவது அடியில் சந்தனத் தட்டின் மேல் விழுந்தேன்.

"பாத்தீகளா!" என்றார் பெரியப்பா.

அப்போது மணப்பெண் அறைக் கதவு திறந்தது. கூறைப்புடவையோடு வந்த தங்கை, நகை மூட்டையைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"மாமா, அண்ணன் தொடையில கட்டிட்டு வந்தது இதைத்தான். நீங்க ஒருதரம் கட்டி நடந்து பாருங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பெரியப்பா ரோஷக்காரர், மறுக்காமல் அறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். மார்பை நிமிர்த்தி இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியில் வலது கால் கம்பாயிற்று. இடது கால் அரைவட்டம் போட்டது. நாயனக்காரர் சிரித்த சிரிப்பில் வாயில் வைத்திருந்த சீவாளி கீழே விழுந்தது. பெரியப்பாவும் நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டு, என்னைப் பார்த்து, "மாப்ள, கெட்டிக்காரன்யா நீ! உன் தங்கச்சி உன்னைவிடக் கெட்டிக்காரி. மேளத்தைக் கொட்டச் சொல்லு" என்றார்.

தாலி நல்ல நேரத்தில் ஏறியது. ஆனால் அந்த வீட்டு விசேஷங்களில் நான் கைகழுவ எழுந்து நடந்தால் போதும், பந்தியிலிருந்து இன்றுவரை ஒரு குரல் வரும்:

"மச்சான், இன்னைக்கு எம்புட்டுப் பவுனு?"