ஏழாம் எண்ணின் நடை

நான்காவது செயற்கை முழங்கால் மூட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிருந்தது. ஆய்வகத்தின் இயக்குநர் அதைத் தூக்கிப் பார்த்து, "கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா இருக்கேய்யா!" என்றார்.

பொறியாளர் தலையைச் சொறிந்தார். காரணம் அவருக்குத் தெரியும். மூட்டைப் பொருத்தி நாள் முழுக்க நடக்கவிடும் எந்திரத்துக்குப் பன்னிரண்டு பேருடைய நடையின் சராசரியைக் கொடுக்க வேண்டும். இவர் கொடுத்தது ஏழாம் எண்ணின் நடையை மட்டும்.

ஏழாம் எண் அவர் மனைவி. நடையைப் பதிவு செய்த அன்று எண் சீட்டைக் குத்தி அவளை ஆய்வறைக்குள் அனுப்பியவரே இவர்தான். தன் உறவினர் நடக்கும்போது ஆய்வாளர் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி, நின்றார்.

மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி ஐந்து மாதமாகத் திரும்பவில்லை. போனில் கேட்டால், "இன்னும் ஒரு மாசம்ங்க" என்பாள். எந்திரம் தட் தட்டென்று மிதிக்கும்போது கண்ணை மூடினால், அவள் அடுக்களையிலிருந்து வருவது போலிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கியது.

"பிளாஸ்டிக் சரியில்ல சார்" என்று புளுகினார். தடித்த பிளாஸ்டிக் வந்தது; மூட்டு மடங்க மறுத்தது. "ரெண்டு டிகிரி சாய்ச்சுப் பார்ப்போம் சார்." மறுபக்கமும் தேய்ந்தது. வடிவமே தப்பென்று இயக்குநர் மூன்று வருட வரைபடத்தைக் கிழிக்கப் போனபோதுதான் பொறியாளர் உண்மையைக் கக்கினார்.

"ஒரே ஆளோட நடையா? அதையும் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கியே! சரியான வாத்து நடை. இப்பவே அழி!"

பொறியாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த நடைக்கு என்ன சார் குறைச்சல்? முப்பது வருஷமா என்னைத் தேடி வந்த நடை சார். என்னை வேணா வேலைய விட்டுத் தூக்குங்க, அதை அழிக்க மாட்டேன். அவ இல்லாம வீடு வீடாவே இல்ல சார்."

கண் கலங்கிவிட்டது. இயக்குநரும் மூக்கை உறிஞ்சினார். "வீட்டம்மாவாய்யா? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

எந்த எண் யாருடையது என்ற பதிவேடு ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மூலை மேசையில் இருந்த அந்தப் பதிவேட்டுக்கார அம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சார், அன்னிக்கு உங்க வீட்டம்மா ரெண்டடி வச்சதும் முழங்கால் வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டாங்க, உங்ககிட்ட சொன்னா கவலைப்படுவீங்கன்னு சொல்ல வேணாம்னாங்க, ஆள் குறையுதேன்னு, யாருக்குப் பதில்னுகூடக் கேக்காம ஏழாம் எண்ணுக்கு நடந்து குடுத்தது நம்ம டைரக்டர் சார்தான்."